நாற்பத்தொன்றாம் பக்கத்து வெளிச்சம்

லாரன்ஸ் ஷட்டரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். பாதியில் சிக்கிய இரும்பு கீழே வர மறுத்தது. தெருமுனையில் மைக் சத்தம் நெருங்கிவிட்டது.

"முழு வெயிட்டையும் போடுடா" என்றார் கொளஞ்சியப்பன். புத்தகக் கடை அவருடையது.

"போட்டுக்கினுதான் இருக்கேன். காலையில சாப்ட்ட பொங்கலையும் சேர்த்து."

கிறீச்சென்று ஒரு இழுப்பு. ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. லாரன்ஸ் துள்ளி விலகி இரண்டு உள்ளங்கைகளையும் ஊதிக்கொண்டான். மேற்குப் பார்த்த கடை. ஜூன் மாதத்து மதிய வெயில் அந்த இரும்பைத் தோசைக்கல்லாக்கி வைத்திருந்தது.

"கொக்கி ஒடைஞ்சிருக்கு. வெளியிலேர்ந்து தூக்கிட்டாங்கன்னா..." என்று கொளஞ்சியப்பன் இழுப்பதற்குள், கல்லாவின் பின்னாலிருந்து லூசி வந்தாள். அந்தக் கடையில் எட்டு வருடமாக வேலை பார்ப்பவள். ஷட்டரில் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, அப்படியே நின்றுகொண்டாள். தாழ்ப்பாளுக்குப் பதில் லூசி.

இதையெல்லாம் நோட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அருள்மொழி. வலது கன்னத்துக்குள் பஞ்சு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். முகத்தின் வலது பாதி யாரோ கழற்றி எடுத்துப் போனதுபோல இருந்தது. அது ஒன்றும் அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. கணவன் பாரதி போன பிறகு இந்த ஒரு வருடமாக உள்ளேயும் அப்படித்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுத் துருகம் சாலையில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் வைத்ததுகூட ஆசையால் அல்ல. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். லாரன்ஸ் அவளுடைய உதவியாளன். முப்பது வயது. பாதிரியார் ஆகக் குருமடத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு, சாம்பார் சரியில்லை என்று திரும்பி வந்தவன்.

வெளியே கும்பல் வந்து நின்றது. ஷட்டரை யாரோ தட்டினார்கள். லூசியின் தலை லேசாக அதிர்ந்தது. அவள் நகரவில்லை.

"கொளஞ்சி." மைக் இல்லாத குரல். கல்யாண மண்டபம் வைத்திருக்கும் அரங்கநாதன். பண்பாட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். "நான் கடைய ஒடைக்க வரல. அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சிட்டுப் புஸ்தகத்த வித்துக்கோ. முடிஞ்சிது."

"ஒரு பக்கந்தானா?" என்று லாரன்ஸ் உள்ளிருந்து கேட்டான். "ஆபாசத்துலயும் அளவுச் சாப்பாடா தலைவரே?"

"யார்ரா அவன்? தம்பி, கேட்டுக்கோ. மலையில பாவம் ஒரு பொம்பள குளிச்சிக்கினு இருக்கா. அவளுக்கே தெரியாம பின்னாலேர்ந்து படம் புடிச்சி, புஸ்தகமாப் போட்டு, கண்ணாடி அலமாரியில வெச்சி விக்கறாங்க. உன் அக்கா தங்கச்சின்னா சும்மா இருப்பியா? அவ வந்து என் சம்மதத்தோடதான் எடுத்தாங்கன்னு சொல்லட்டும். நான் இந்தத் தெருவுலயே நிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மைக் மறுபடி உயிர்பெற்றுக் கடைத்தெரு பக்கம் நகர்ந்தது.

"கேக்கறது நியாயமாத்தான் இருக்கு" என்றாள் அருள்மொழி. பஞ்சு அடைத்த வாயில் அது 'யாயமா' என்று வந்தது.

"அதுக்குத்தாம்மா உங்களக் கூப்ட்டேன்." கொளஞ்சியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சாயங்காலம் ஆறு மணிக்குத் தாலுகா ஆபீஸ்ல சமாதானக் கூட்டம். அந்தப் பொம்பளையோட சம்மதத்தக் காட்டலன்னா கடைக்கு சீல். எம்மேல கேஸு. உள்ள வெச்சாலும் வெச்சிடுவாங்க. ஸ்கூல் தெறக்கற சீசன். இதுல சம்பாதிச்சித்தான் வருஷம் பூரா ஓட்டணும்."

"படம் எடுத்தவங்களக் கேட்டீங்களா?"

"எழில்மதியா? நம்மூருப் பொண்ணுதான், இப்ப மெட்ராஸ்ல இருக்கு. போன் போட்டேன். 'முகம் வராது, பேரு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார், ஜெயிலுக்குப் போனாலும் சொல்ல மாட்டேன்'னு வெச்சிடுச்சி. ஜெயிலுக்குப் போவப்போறது நான்."

"கிழிச்சிடலாமே மொதலாளி" என்றாள் லூசி, ஷட்டரில் சாய்ந்தபடியே. "ஒரு பக்கந்தானே. மலை மேல போயி யாரன்னு தேடுவாங்க இவங்க?"

"கிழிக்க மாட்டேன். இன்னிக்கி ஒண்ணக் கிழிச்சா, நாளைக்கி எதை விக்கறதுன்னு அரங்கநாதன் மண்டபத்துல போயி நிக்கணும். உறை போட்டு மறைச்சதே எனக்குப் புடிக்கல, ஏதோ நீ சொன்னியேன்னு வுட்டேன்."

அருள்மொழி புத்தகத்தை எடுத்தாள். 'வேலை செய்த உடம்பு' என்று தலைப்பு. கறுப்பு வெள்ளைப் படங்கள். கரும்பு வெட்டுகிறவரின் முழங்கை, செங்கல் சுமக்கும் கழுத்து, நாற்று நட்டு வெளுத்த விரல்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் மேல் பழுப்புத் தாளால் ஒரு உறை மாட்டியிருந்தது. பசை இல்லை. நூல் இல்லை. மூலைகளை முக்கோணமாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தாள் லூசி. கள்ளக்குறிச்சியில் பாதிப் பிள்ளைகளின் நோட்டுக்கு இந்த அட்டைதான். வருடம் முழுக்கப் பையில் கிடந்தாலும் பிரியாது.

உறையை உருவினாள்.

ஒரு பாறை. பாறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முதுகு, இடுப்பு வரை வெறுமையாக. கூந்தலை உச்சியில் அள்ளி முடிந்திருந்தாள். இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சம். அதன் ஓரத்தில் ஒரு கட்டெறும்பு. படம் எடுத்த இடம் பெரியார் அருவி என்று கீழே இருந்தது. முன்னுரை எழுதிய விமர்சகர் இந்த ஒரு படத்துக்கே ஒரு பத்தி கொடுத்திருந்தார். இலைகளின் ஊடாக இறங்கிய சூரியன் உழைப்பாளியின் முதுகில் வைத்த முத்தமாம் அந்த வெளிச்சம்.

"எறும்புகிட்ட சம்மதம் வாங்கினாங்களான்னு ஒருத்தனும் கேக்கல பாருங்கக்கா" என்றான் லாரன்ஸ்.

"வண்டிய எடு" என்றாள் அருள்மொழி.

* * *

கச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதை சுற்ற ஆரம்பித்தது. லாரன்ஸ் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் பேனா மூடியை நீட்டி அவள் வலது கன்னத்தைக் குத்தினான்.

"தெரியுதாக்கா?"

"ரோட்டப் பாரு."

"தெரியல. எங்க ஸ்கூல்ல நர்ஸம்மா வந்து இப்படித்தான் பாக்கும். ஒடம்புல வெளுப்பா தேமல் இருக்கற பசங்களக் கண்ண மூடச் சொல்லிட்டு, தொடும்போது சொல்லுன்னும். தெரியலன்னு நின்னவன் ஒருத்தன்தான். தொழுநோய் ஆரம்பம்னு கூட்டிக்கினு போயி ஜி.எச்.ல மாத்திர குடுத்தாங்க, இலவசமா. முழுசா சரியாயிட்டான். இப்ப எங்க தெருவுல ஜாஸ்தி வட்டி வாங்கறவன் அவன்தான்."

"முன்ன பாக்காம வுட்டிருந்தா?"

"வெரலு மடங்கிப்போயிருக்கும். வட்டிப் பணத்த எண்ணியிருக்க முடியாது."

அருள்மொழிக்குச் சிரிக்கத் தோன்றியது. பாதி முகம்தான் சிரித்தது.

அருவிக்குப் போகும் தடத்தின் தொடக்கத்தில் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள் பெரியநாயகி. ஐம்பது வயதிருக்கும். புத்தகத்தை நீட்டியதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச மொதுகுதான் இது" என்றாள்.

லாரன்ஸ் வாயருகே கொண்டுபோன கடலையை நிறுத்தினான். "மொதுகுக்கெல்லாம் அடையாளம் வெச்சிருக்கீங்களா?"

"நான்தானே தம்பி வழிய மறிச்சிக்கினு நின்னேன், ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் போவாம. பங்குனிக் கடசி. ரெண்டு பொண்ணுங்க ஸ்கூட்டர்ல வந்துதுங்க. ஒண்ணு கேமராக்காரி."

"இன்னொருத்தி இந்த மலையாம்மா?" என்றாள் அருள்மொழி.

"இந்த மலைப் பொண்ணா இருந்தா வுட்டிருப்பனா? எந்த ஊரு, யார் வூடு, உங்கப்பன் எங்கன்னு கேட்டிருக்க மாட்டேன்? கீழேர்ந்து வந்த பொண்ணு."

"அவளுக்குத் தெரியாம எடுத்தாங்கன்னு கீழ ஊர்வலம் போய்க்கினு இருக்காங்க."

பெரியநாயகி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "தெரியாமலா? கேமராக்காரி போதும்னு எழுந்துட்டா. 'இன்னொண்ணு எடு எழிலு, இன்னொண்ணு எடு'ன்னு இந்தப் பொண்ணுதான் கெஞ்சிச்சு. இன்னா சண்டையோ உங்க ஊர்ல."

"பேரு?"

"வாடி போடின்னுதான் கூப்ட்டுக்கிச்சுங்க."

பாறையைக் காட்டுவதற்கு அவளே கூட வந்தாள். அருவியில் தண்ணீர் கம்மி. கரையை ஒட்டி யானை படுத்ததுபோல ஒரு மொட்டைப் பாறை. அருள்மொழி அதன் மேல் ஏறி அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம்.

"இங்க இருந்த மரத்த எப்ப வெட்டினாங்க?"

"மரமா? எங்கப்பன் காலத்துலேர்ந்து மொட்டப் பாறதான். அன்னிக்கி வெயிலே இல்லீங்க, மேகம் மூடிக்கினு இருந்துச்சு. மழ வந்துடும்னுதான் அதுங்க அவசரப்பட்டுதுங்க."

"அப்ப விமர்சகர் ஊட்டுல ஏசிய போட்டுக்கினு எலைய எண்ணியிருக்காரு" என்றான் லாரன்ஸ்.

மரம் இல்லை. வெயில் இல்லை. பிறகு அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? கேள்வி அருள்மொழியின் மனசில் ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்தது. அதை விரட்டவும் இல்லை, உபசரிக்கவும் இல்லை. ஆறு மணிக்கு வேண்டியது ஒரு பெயர்.

திரும்பி நடக்கும்போது லாரன்ஸ் கடலைப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினான். இடது பக்கம் ஒதுக்கி ஒன்றிரண்டு மென்றாள். பொட்டலம் கையில் உறுதியாக நின்றது. வழக்கமான கூம்பு இல்லை. சதுரமாக, நோட்டுப் புத்தகம் மாதிரி. பசை இல்லை. நூல் இல்லை. மூலைகள் முக்கோணமாக மடிந்து ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தன.

நின்றாள்.

"பெரியநாயகிம்மா, இப்படி மடிக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"அந்தப் பொண்ணுதான். நான் கூம்பு சுத்தறதப் பாத்துட்டு, 'இப்படி மடிங்கம்மா, பைக்குள்ள கொட்டாது'ன்னு சொல்லிக் குடுத்துச்சு. வெரலு எந்திரமாட்டம் போவும் அதுக்கு."

லாரன்ஸ் பொட்டலத்தைப் பார்த்தான். அருள்மொழியைப் பார்த்தான். வண்டிச் சாவியை எடுத்தான்.

* * *

கடையின் பின்கதவைத் திறந்துவிட்டது லூசிதான். கொளஞ்சியப்பன் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். மணி ஐந்தரை ஆகவில்லை. முன்பக்க ஷட்டர் இறங்கியபடியே இருந்தது. அதன் இடுக்கு வழியாக மேற்கு வெயில் தரையில் ஒரு கோடு போட்டிருந்தது.

அருள்மொழி காலிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். பக்கத்தில், லூசி அட்டை போட்டு வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து வைத்தாள்.

லூசி இரண்டையும் பார்த்தாள். அழவில்லை. பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், ஷட்டரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"கடலக்கார அம்மா நல்லா இருக்காங்களா?" என்றாள்.

"நல்லா இருக்காங்க."

"நான்தான் மேடம்."

"மொதலாளி உள்ள போவப்போறாருன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? மாமியா வூட்ல இருக்கேன். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவணும். அவரு சவுதில டிரெய்லர் ஓட்றாரு, போயி ரெண்டு வருஷம் ஆவுது. போன்ல பேசினா 'பணம் வந்துச்சா, வந்துச்சு'ன்றதோட சரி." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பாட நூல் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "அந்தப் பக்கத்துக்கு உறை போட்டது எல்லாம் என் கையாலதான். என் மொதுக நானே மூடி மூடி வெச்சேன். சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அதுவும் வரல."

"அப்படின்னா ஏன் போயி உக்காந்தீங்க?" என்றான் லாரன்ஸ். கேலி இல்லாத குரல்.

"என்னை யாரும் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க. எழிலு பாத்தா. 'உன் மொதுகுல ஒரு வெளிச்சம் இருக்குடி'ன்னா. நல்லாயிருந்துச்சு. அவ்ளோதான்."

தெருவில் ஒரு ஆட்டோ போனது.

"மொதலாளிக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்றாள் லூசி. "நான் வரேன் கூட்டத்துக்கு. அரங்கநாதன் முன்னாடியே சொல்றேன். வூட்ல இன்னா பேசறாங்களோ பேசட்டும். எத்தன மணிக்குப் போவணும்?"

கேஸ் முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு திருப்தி வரும். அருள்மொழி அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இந்த ஒரு வருடத்தில் எதுவும் வருவதில்லை.

"அக்கா." லாரன்ஸ் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினான். "ரத்தம்."

விரலால் துடைத்தாள். சிவப்பு.

"கடலையோட சேத்து உதட்டையும் மென்னிருக்கீங்க. தெரியலயா?"

"தெரியல."

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளை விட்டுப் போகவில்லை. கடித்தது தெரியவில்லை. அருள்மொழி மெல்லப் புத்தகத்தை இழுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தின் உறையை உருவினாள்.

மரம் இல்லாத பாறை. வெயில் இல்லாத நாள். ஆனாலும் அந்த முதுகில் உள்ளங்கை அகல வெளிச்சம். எறும்பை உற்றுப் பார்த்தாள். அது ஊர்ந்துகொண்டிருக்கவில்லை. தலையைக் கீழே அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, நன்றாகக் கவ்வியிருந்தது. கட்டெறும்பு கடித்தால் யாரானாலும் தோளைச் சிலிர்ப்பார்கள். இந்தத் தோள் ஒரு துளி இறுகவில்லை. அந்த அமைதியைத்தான் விமர்சகர் தவம் என்று எழுதியிருந்தார்.

நிமிர்ந்தாள்.

லூசி ஷட்டரில் சாய்ந்தபடி, கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேற்கு வெயில் அந்த இரும்பின் மறுபக்கத்தில் மதியத்திலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது. லாரன்ஸின் உள்ளங்கையில் இன்னும் சிவப்பு போகவில்லை.

அருள்மொழி எழுந்து போய், லூசியின் இடது தோளுக்குப் பக்கத்தில் ஷட்டரில் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள்.

"லூசி, அன்னிக்கி எறும்பு கடிச்சிதே, வலிச்சிதா?"

"எந்த எறும்பு?"

"இங்க சாஞ்சிருக்கியே, சுடல?"

"வெயில்ல எல்லாந்தான் சுடும்" என்று சொல்லிவிட்டு லூசி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலது தோள் இரும்பில் படாமல் தள்ளியிருந்தது. இடது பக்கம் முழுக்கப் பதிந்திருந்தது. "இந்தப் பக்கம் எனக்கு எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும் மேடம். ஏன்?"

அருள்மொழி லாரன்ஸ் பக்கம் கையை நீட்டினாள். அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பின்கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"திரும்பி நில்லு லூசி. கண்ண மூடிக்கோ. நான் தொடும்போது சொல்லு."

"விளையாட்டா?" லேசாகச் சிரித்துக்கொண்டு திரும்பினாள்.

அருள்மொழி ரவிக்கைக்கு மேலாக வலது தோளைத் தொட்டாள்.

"இங்க."

பிடரியை.

"இங்க."

முதுகின் நடுவே.

"ம், இங்க."

அருள்மொழியின் வலது தாடைக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு சின்ன வலி கண் விழித்தது. மரத்துப்போனது விலக ஆரம்பித்திருந்தது. அவள் பேனா மூடியை இடது தோள்பட்டைக்குக் கீழே கொண்டுபோனாள். வைத்தாள். அழுத்தினாள். ரவிக்கைத் துணி குழிந்தது.

லூசி கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, பொறுமையாக நின்றாள்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"சீக்கிரம் தொடுங்க மேடம்" என்றாள் லூசி. "மணி ஆவுது."